சனிக்கிழமைப் புகை

நான் புகையைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். புகை பார்ப்பதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு ஜீப் இருந்தது, ஒரு முக்காலி இருந்தது, ஒரு அட்டை இருந்தது, என்சிக் ஜமால் என்று ஒரு அதிகாரி இருந்தார். ஐயா என்பதை மலாயில் என்சிக் என்போம்.

போன மாதம் ஈப்போவில் இருக்கும் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மாநிலத்தில் ஒவ்வொரு ஆலையும் விடுகிற கார்பனைக் கணக்கெடுத்துக் குறைக்கப் போகிறார்களாம், அதையொட்டி ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். "அங்கிள், மெஷின் இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை வருமோ, யார் மனதையாவது புண்படுத்திவிடுவேனோ, இதை எழுதினதற்காகப் பென்ஷனில் கை வைப்பார்களோ என்றெல்லாம் யோசனை. என் மனைவி, "நீங்க கல்யாணத்தன்னைக்கே மழை வருமான்னு கேட்டுக்கிட்டே தாலி கட்டின ஆளு, எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் அம்மாவோடு தோட்டத்தில் ஒட்டுப்பால் பொறுக்கினேன். பால்மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற ரப்பரை உரித்து எடுக்கிற வேலை. பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்து வரிசை வீட்டை விட்டு வந்து, லாரியில் கிளீனர், பிறகு டிரைவர். எழுபதுகளின் கடைசியில் அரசாங்கம் புகைக்குச் சட்டம் போட்ட சமயம், புகையைக் கவனிக்கிற இலாகாவுக்கு ஜீப் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. எனக்கு மலாய் நன்றாகப் பேச வரும், தமிழ் தெரியும், சீனம் அரைகுறை. எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாளே என்சிக் ஜமால் என்னைக் கூப்பிட்டு அந்த அட்டையைக் காட்டினார். வெள்ளை அட்டையில் வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக. முதல் கட்டத்தில் மெல்லிசாக, போகப் போகத் தடிப்பாக. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜன்னல் வலை மாதிரி இருக்கும். முக்காலியில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் கோடெல்லாம் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். ஒன்று என்றால் லேசான சாம்பல். இரண்டு, கொஞ்சம் கறுப்பு. நாலு, மழைக்கு முந்தின மேகம். அந்த நிறத்தோடு புகைபோக்கியின் வாயில் கிளம்புகிற புகையை ஒத்துப் பார்த்து எண் சொல்ல வேண்டும். விறகு எரிக்கிற இடத்தில் இரண்டைத் தாண்டி நீடித்தால் தப்பு. அவ்வளவுதான் எங்கள் தொழில்.

உலகம் சூடாகிறது என்று அப்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கொடியில் காய்கிற துணியில் கரி படியக் கூடாது, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கக் கூடாது. அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

என்சிக் ஜமால் புகை பார்க்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. ஜீப்பிலிருந்து இறங்கினதும் புகையைப் பார்க்கமாட்டார். திரும்பி நின்று ஏதாவது மரத்தைப் பார்ப்பார். கண்ணுக்குப் பச்சை காட்டுகிறேன் என்பார். பிறகு சூரியன் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி, புகை குறுக்கே போகிற மாதிரி இடம் தேடுவார். நான் முக்காலியை ஊன்றி, கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் முள் குறித்த இடத்துக்கு வரும்போது பென்சிலால் முக்காலிக் காலைத் தட்டுவேன். தட்டினதும் அவர் நிமிர்ந்து ஒரு பார்வை, குனிந்து ஒரு எண். நடுவில் பேச்சே கிடையாது. பார்த்து முடிகிற வரைக்கும் யார் என்ன கொடுத்தாலும் குடிக்கமாட்டார். முடிந்த பிறகு அவரே கேட்டு வாங்கிக் குடிப்பார். "நாம கேட்டு வாங்கிக் குடிச்சாத்தான் நமக்கு அவங்க மேல கோபம் இல்லேன்னு அவங்களுக்குத் தெரியும், மணியம்" என்று என்னிடம் மலாயில் சொல்வார். எண் நாலாக இருந்தாலும் கேட்டுக் குடிப்பார்.

இன்னொன்று. மற்ற அதிகாரிகள் யாரும் செய்யாதது. தாளை ஆபீசுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அடுப்பு எரிக்கிறவரைக் கூப்பிட்டு அட்டைக்கு முன்னால் நிறுத்துவார். முதலாளியை அல்ல, கணக்கெழுதுகிற கிராணியை அல்ல, அடுப்பு எரிக்கிறவரை. "முதல்ல அவங்க பார்க்கட்டும்." எனக்கு இது பெரிய கவலை. பார்த்துவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டால்? பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் அப்படியே நடந்தது. அட்டையைப் பார்த்த ஆள் ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்ற, வெள்ளை ஆவி கிளம்பி எங்கள் ஜீப்பே தெரியாமல் போய்விட்டது. நான் பதறுகிறேன், என்சிக் ஜமால் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, காத்திருப்போம். அடுப்புன்னா மறுபடி எரியத்தானே வேணும்" என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

இனி அஞ்சலை அக்கா விஷயம்.

லகாட் பக்கம், துண்டாகிப்போன ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில் ஒரு புகைக்கூடம் மிஞ்சியிருந்தது. சிறு நிலக்காரர்கள் பாலை உறைய வைத்துத் தகடாக இழுத்துக் கொண்டுவருவார்கள். உள்ளே மூங்கில் கழிகளில் ரப்பர் தகடுகளைத் தொங்கவிட்டு, கீழே அடுப்பில் பால்மர விறகை எரித்து, அந்தப் புகையிலேயே காயவைக்க வேண்டும். இடம் ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்போம். அடுப்பு அஞ்சலை அக்கா பொறுப்பு. புருஷன் இல்லை. ஒரே மகன், ஈப்போவில் மெக்கானிக் வேலை பழகிக்கொண்டிருந்தான். புகைக்கூடத்தை ஒட்டி ஒரு பலகை வீடு. அடுப்பைப் பார்க்கிற வரைக்கும் அவருக்கு அந்த வீடு.

புகைக்கூடத்துக்கு எதிரே ஓடிய பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், பழைய ரப்பர் நிலத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்று எழும்பியது. வரிசை வீடுகள். அதில் ஒன்றில் காதர் பாய் குடிவந்தார். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், நல்ல சத்தமான ஆள். அவருடைய மகளுக்கு இளைப்பு. புகை வருகிற நாளில் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடும். முதல் புகார் அவருடையது.

முதல் தடவை நாங்கள் போனபோது மழைக்காலம், விறகு ஈரம். எண் இரண்டைத் தாண்டியது. எழுதினோம். தவுக்கேக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அவர் அஞ்சலை அக்காவிடம் வந்து, இன்னொரு தடவை கவர்மெண்டிலிருந்து கடிதம் வந்தால் கதவைச் சாத்திவிடுவேன், வீட்டையும் காலி செய்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. ரப்பர் விலை அப்படி இருந்தது.

அதன் பிறகு அக்கா விறகைக் கூரைக்கடியில் அடுக்கிக் காயவைத்தார். அடுப்பு வாயைச் சுத்தம் செய்தார். நாங்கள் திங்கட்கிழமை போனோம், புதன்கிழமை போனோம். லேசான சாம்பல் புகைதான். என்சிக் ஜமால் அக்காவைக் கூப்பிட்டு அட்டைக்கு முன்னால் நிறுத்தினார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட இல்ல போலிருக்கே தம்பி" என்று என்னிடம் சொன்னார். முகத்தில் அவ்வளவு பெருமை.

ஆனால் புகார் நிற்கவில்லை. காதர் பாய் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"மணியம் அண்ணே, உங்க அட்டையில எதாச்சும் கோளாறா? எம் புள்ள நீலம் பாரிச்சுப் போவுது, நீங்க ஒண்ணு ஒண்ணுன்னு எழுதிட்டுப் போறீங்க! அந்தம்மா குடுக்கிற கோப்பி அவ்வளவு ருசியா லா?"

 என்சிக் ஜமால் அவருக்கு நாற்காலி போட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: எந்த நாள்? காதர் பாய் விழித்தார். விடிவதற்கு முன்பே கடைக்குப் போகிறவர், அவருக்கு நாள் தெரியவில்லை. "எல்லா நாளும்தான்" என்றார். அன்று சாயந்தரமே அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி பாத்திமா கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னார்:

"சனிக்கிழமை காலையிலதான். எனக்கு எப்படி மறக்கும்? அன்னைக்குத்தானே நான் பெட்ஷீட்டெல்லாம் தொவைக்கிறது. காயப்போட்டு உள்ள வந்து திரும்பிப் பார்த்தா, புள்ளி புள்ளியா கரி."

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். அரை நாளில் யாரும் வெளியே புகை பார்க்கப் போவதில்லை. ஜீப் கழுவுவோம், தாள்களை அடுக்குவோம். ஆக, எங்கள் கண்ணில் படாத ஒரு நாள் இருந்திருக்கிறது. "அப்ப சனிக்கிழமை போவோம்" என்றார் என்சிக் ஜமால்.  அன்று இரண்டைத் தாண்டினால் இரண்டாவது கடிதம். இரண்டாவது கடிதம் என்றால் அஞ்சலை அக்காவுக்கு அடுப்பும் இல்லை, வீடும் இல்லை. அதைச் சொன்னேன். அவர், "தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். காதர் பாயும் அன்று கடைக்குப் போகாமல் நின்றுவிட்டார். அவர் வீட்டுப் பின்பக்கத்துச் சந்தில் முக்காலியை ஊன்றினேன். முதுகுக்குப் பின்னால் சூரியன், எதிரே வாய்க்காலுக்கு அப்பால் புகைக்கூடம். என்சிக் ஜமால் ஒரு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்துப் பழைய பாதையில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் புகைக்கூடத்துப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கையில் பை. தகடு கொண்டுபோகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

முதலில் வெள்ளையாகக் கிளம்பியது. பிறகு திடீரென்று உள்ளே யாரோ மை கொட்டிய மாதிரி. சுருண்டு சுருண்டு, கன்னங்கரேல் என்று. நான் பென்சிலால் தட்டினேன். அவர் எழுதினார். தட்டினேன், எழுதினார். அட்டையின் நாலாவது கட்டத்துக்கும் அந்தப் புகைக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.  பாத்திமா கொடியில் போட்ட துணிகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஜன்னல்கள் சாத்துகிற சத்தம். உள்ளேயிருந்து குழந்தை இருமுகிறது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" காதர் பாய் புகையைக் கையால் காட்டினார். "டயருண்ணே! இது டயர்தான்!"

"மணியம், அவங்களைக் கூட்டிட்டு வா" என்றார் என்சிக் ஜமால்.

வாய்க்காலின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்து போனேன். அஞ்சலை அக்கா அடுப்புக் கோலோடு குனிந்து நின்றார். என்னைக் கண்டதும், "என்ன தம்பி, சனிக்கிழமையில? ஜீப் கழுவற நாள் இல்ல?" என்று சிரித்தார். நான் சந்துப் பக்கம் கையைக் காட்டினேன். கூட வந்தார். அட்டைக்கு முன்னால் நின்றார். திரும்பி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"இது யார் அடுப்புப் புகை?"

நான் கையிலிருந்த பென்சிலால் புகைக்கூடத்துக் கூரையைக் காட்டினேன்.

"தம்பி, இது என் அடுப்பா?"

அடுப்பு வாய்க்கு முன்னால் குனிந்து நிற்கிறவருக்குக் கூரைக்கு மேலே என்ன போகிறது என்று எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவர் தன் புகையை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்குள் இருமுகிற சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு அப்படியே சந்தின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டயர் எரிச்சா இப்படித்தான் வரும்" என்றார் காதர் பாய்.

அக்கா விருட்டென்று எழுந்தார். "டயரா? நானா? முனியாண்டி சாட்சியாச் சொல்றேன், வந்து பாருங்க பாய். இப்பவே வாங்க."

நாலு பேரும் பலகையைத் தாண்டிப் போனோம். அடுப்பு வாயில் பாதி உருகின ஏதோ ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக. பிளாஸ்டிக் மாலை. அந்தக் காலத்தில்தான் சாமி படத்துக்குப் பிளாஸ்டிக் பூமாலை போடுகிற பழக்கம் வந்தது. வாடாது, விலையும் குறைவு. பக்கத்தில் இன்னும் சில பைகள்: எரிந்து முடிந்த விளக்குத் திரிகள், எண்ணெய் துடைத்த துணிகள், காய்ந்த பூ, வெளுத்துப்போன மாலைகள்.

அக்கா சொல்லச் சொல்ல நான் மலாயில் சொன்னேன். தோட்டம் துண்டானதும் கோயில் இருந்த நிலமும் கைமாறிவிட்டது. சாமிக்குப் போட்டதைக் குப்பையில் போட முடியாது, கால் படும். முன்பெல்லாம் ஓடையில் விடுவார்கள். ஈயச் சுரங்கத்து மண் கலந்து ஓடை சேறாகிப்போன பிறகு அதில் விட யாருக்கும் மனசு வரவில்லை. அஞ்சலை அக்காவின் அடுப்பு ஒன்றுதான் அணையாமல் எரிகிற சுத்தமான நெருப்பு. வியாழக்கிழமை வீடு கழுவி, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவார்கள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கமாட்டார்கள். அதனால் சனிக்கிழமை காலையில் எல்லா வீட்டிலிருந்தும் பை வந்துவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை பழைய செருப்பைக்கூட வெளியே போடவிடமாட்டாள் என் மனைவி. ஆனால் அதுவும் இந்தப் புகையும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

"சாமி படமும் எரிக்கிறீங்களா?" என்று கேட்டார் என்சிக் ஜமால்.

"ஐயோ, படத்தைத் தீயில போட மனசு வருமா?" அக்கா புகைக்கூடத்தின் பின்சுவரைக் காட்டினார். ஒரு நீளப் பலகையில் வரிசையாகப் பழைய படங்கள். கண்ணாடி உடைந்தவை, சட்டம் போனவை, காலண்டரில் வெட்டியவை. முருகன், மாரியம்மா, லட்சுமி, எல்லாரும் புகையில் காய்ந்து, ரப்பர் தகடு மாதிரியே தேன் நிறத்தில் இருந்தார்கள்.

காதர் பாய் வெகுநேரம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என் கையைப் பிடித்தார். "தம்பி, உங்க ஐயாகிட்டச் சொல்லுங்க. இன்னைக்கு ஒரு நாள் எழுத வேணாம்னு சொல்லுங்க. இந்த வீடு போச்சுன்னா நான் எங்க போவேன்? எம் மகன், வயசுப் புள்ள, எடம் இல்லாம ஒர்க் ஷாப்புலயே படுத்துக் கிடக்கிறான்."

அதையும் நான் அப்படியே மலாயில் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல். வேறு எந்த நாளிலும் மொழிபெயர்ப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

என்சிக் ஜமால் கைக்குட்டையை எடுத்து, மடித்து, திரும்பப் பையில் வைத்தார். அவர் மலாயில் சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். "எழுதாம இருக்க முடியாதுக்கா. அந்தக் குழந்தைக்கும் நான்தானே அதிகாரி. பார்த்தது நாலு, நாலுன்னுதான் எழுதுவேன். ஆனா எண்ணுக்குக் கீழே இன்னொரு இடம் இருக்கு. என்ன காரணம், எப்படிச் சரியாகும்னு எழுதற இடம். இன்னைக்கே சரி செய்றோம்னா, அடுத்த சனிக்கிழமை மறுபடி பார்த்துட்டு முடிவு செய்யலாம்னு எழுதுவேன். அடுத்த சனிக்கிழமையும் இப்படியே வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." பிறகு, "குடிக்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

அக்கா கோப்பி கலக்கப் போனார். உள்ளே பாத்திரம் நடுங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எரிக்கவில்லை என்றால் இதையெல்லாம் என்ன செய்வது? குப்பைக்குப் போகாது, ஓடைக்குப் போகாது. நான் எதையோ உளறினேன், என்னவென்று நினைவில்லை. காதர் பாய்தான் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். ஆபீசில் கேட்ட குரல் இல்லை அது.

"எங்கள்லயும் ஓதற கிதாபு கிழிஞ்சு போனா கால் பட விடமாட்டோம்கா. சுத்தமான துணியில சுத்தி, ஆள் நடக்காத எடமாப் பார்த்து மண்ணுல அடக்கிடுவோம். நீங்களும் அப்படிச் செய்யலாம்ல?"

"சாமி எண்ணெயை மண்ணுலயா?"

"மண்ணு என்னக்கா, அசிங்கமா? நீங்கதான் பூமாதேவின்னு கும்பிடுறீங்களே."

அக்கா யோசித்தார். "பூவும் திரியும் மக்கும். இந்தப் பிளாஸ்டிக்கு?"

"அதை ஏன் தூக்கிப் போடுறீங்க? எங்க கடை வாசல்ல நாலு மாலை தொங்குது, எல்லாம் சாம்பார் ஆவி புடிச்சு எண்ணெய்ப் பிசுக்காப் போகும். சோப்புத் தண்ணியில ஊற வச்சுக் கழுவினா புதுசு மாதிரி வந்துரும். கழுவி மறுபடி போடுங்க."

"முருகனுக்குச் சோப்பு வாசம் புடிக்குமா பாய்?"

"நல்ல சோப்பா நான் கொண்டாரேன். புடிக்கும்."

அந்த ஒரு வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். நான் ஆபீசில் முக்காலி ஆணியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அஞ்சலை அக்கா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாராம். பெரும்பாலோர் சரி என்றார்கள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். நெருப்பில் போட்டுத்தான் பழக்கம், மண்ணில் புதைக்க இது என்ன, செத்ததா என்று ஒரு பெரியம்மா சண்டைக்கே வந்துவிட்டாராம். அவர் வந்து பையை அடுப்பில் வீசிவிட்டுப் போனால்? ஒரே ஒரு மாலை போதுமே. சோறு இறங்கவில்லை எனக்கு.

அடுத்த சனிக்கிழமை. அதே சந்து, அதே முக்காலி. என்சிக் ஜமால் அதே முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய்க்காலுக்கு அப்பால், வேலியோரம் செம்பருத்திக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி வெட்டியிருந்தது. காதர் பாய் கடையிலிருந்து பெரிய வாளியும் சோப்புத் தூளும் கொண்டுவந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். பெண்கள் மாலைகளை வாளியில் போடுவதும், "பாய், லட்சுமிக்கு நல்லாத் தேய்ங்க, போன மாசம் நாலு நம்பர் அடிக்கல" என்பதும், அவர் "லாட்டரிக்கெல்லாம் நான் பொறுப்பில்ல லா" என்பதும் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. அந்தப் பெரியம்மாவும் வந்தார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக அடுப்புக்குத்தான் போனார். அஞ்சலை அக்கா அடுப்பு வாயை மறைத்துக்கொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி மெதுவாகக் குழியண்டை போனார்கள். பெரியம்மா குனிந்து, கடைசித் திரி வரைக்கும் தன் கையாலேயே உள்ளே வைத்தார்.

நான் தட்டினேன், அவர் எழுதினார். தட்டினேன், எழுதினார். ஒருமுறை புதிதாக விறகு தள்ளியபோது புகை கொஞ்சம் கறுத்தது. என் பென்சில் முனை உடைந்துவிட்டது. விரலால் தட்டினேன். மறுபடி வெளுத்தது. சாம்பல், இன்னும் லேசான சாம்பல். கடைசியில் வானத்தில் எது புகை, எது மேகம் என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

பாத்திமா வீட்டுப் பின்கதவைத் திறந்தார். நாங்கள் பார்த்து முடிக்கவில்லை. எண் என்ன என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிவந்து, வெள்ளைப் பெட்ஷீட்டை உதறி, கொடியில் போட்டார். ஜன்னலில் குழந்தை, கம்பியைப் பிடித்துக்கொண்டு மாலை கழுவுகிற அப்பாவை வேடிக்கை பார்த்தது.

என்சிக் ஜமால் தாளில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தார். "கூப்பிடு" என்றார். அக்கா பலகையைத் தாண்டி ஓடிவந்தார். அடுப்புக் கரி கையோடு, தலையில் துண்டோடு. "ஒண்ணு" என்றேன். "ஒண்ணுதான்கா. வீடு எங்கயும் போகாது." அவர் அட்டையைப் பார்க்காமல் கொடியில் ஆடுகிற அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் காற்று வீசியது. பெட்ஷீட் கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு கிளம்பி, வாய்க்காலை நோக்கிப் பறந்தது. அக்கா பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார். வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, இரண்டு கறுப்புக் கை அடையாளம்.

"ஐயையோ!" என்று அவர் கத்தினார்.  பாத்திமா ஓடிவந்து, துணியைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "போகட்டும்கா, அவரு சோப்போடதானே உக்காந்திருக்காரு!"

என்சிக் ஜமாலை நான் அதற்கு முன்னால் விளையாடிப் பார்த்ததில்லை. அவர் முக்காலியிலிருந்து அட்டையைக் கழற்றி எடுத்துவந்தார். அந்தக் கை அடையாளத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். சட்டப்படி எப்படிப் பார்ப்பாரோ அப்படியே, முதலில் ஒருதரம் திரும்பி முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு அட்டையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்து, என் பக்கம் திரும்பினார்.

"நாலு" என்றார்.

அஞ்சலை அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாதபடி அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அந்த எண்ணை மட்டும் நாங்கள் எழுதவில்லை.